ஈயமுகனின் மனைவிக்குக் குரல் கொடுத்தவள்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பாதியில் வந்து "ஏம்மா இவ்வளவு சூடு?" என்று நீங்கள் கேட்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, அண்ணன் வீட்டு வரவேற்பறையில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு பழைய படம் பார்த்தோம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் காது மடல் சுட ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியதுதான் இது.

படத்தின் பெயர் ‘ஈயமுகன்’. முதலில் சித்திரக்கதையாக வந்து, பிறகு படமானது. வேற்றுமொழிப் படம், நம் மொழியில் குரல் மாற்றி வெளியிட்டார்கள். ஒரு வார்ப்புப் பட்டறைத் தொழிலாளி. அன்பான மனைவி. ஊரையே மிரட்டும் ஒரு கும்பல். அந்தக் கும்பல் வீடு புகுந்து மனைவியைக் கொல்கிறது. அவன் முகத்தில் காய்ச்சிய ஈயத்தை ஊற்றிவிட்டுப் போகிறது. அவன் சாகவில்லை. [ஏன் சாகவில்லை என்று கேட்காதீர்கள். சித்திரக்கதை.] ஈயம் இறுகி அவனுக்கு முகமாகிவிடுகிறது. அந்த முகத்தோடு அவன் ஒவ்வொருவனாகத் தேடிப் போய்க் கொல்கிறான். கொல்வதற்கு முன் எல்லோரிடமும் ஒரே வசனம்: "என் வலிக்கு உன் பேரு வெச்சிருக்கேன்."

அந்த வசனத்தைச் சொல்லாத பையன் எங்கள் தெருவில் கிடையாது. பையன்களை விடுங்கள், நான் சொல்லியிருக்கிறேன். பென்சில் கரியை முகமெல்லாம் அப்பிக்கொண்டு, குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து, குரலைக் கட்டையாக்கிக்கொண்டு. படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்பது எனக்கே தெரியாது. அந்த வயதில் எனக்கு வேறு நாயகனே இல்லை.

எங்கள் வீட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பெருமை இருந்தது. ஈயமுகனின் மனைவிக்கு நம் மொழியில் குரல் கொடுத்தது என் அக்கா.

2.

நாங்கள் மூன்று பேர். அக்கா மூத்தவள். அவளுக்கு அடுத்தவன் அண்ணன். நான் கடைக்குட்டி. அண்ணனுக்கு ஒரு மகள், கல்லூரியில் படிக்கிறாள். அக்கா அவளுக்குப் பெரியத்தை, நான் சின்னத்தை. இந்தக் கதைக்கு இவ்வளவு பேர் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் படம் போட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. ‘ஈயமுக’னைத் துலக்கிப் புது ஒலியோடு மறுபடி திரையரங்குக்குக் கொண்டுவருகிறார்கள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி சாகும் காட்சி வந்ததும் படத்தை நிறுத்தினான்.

"இப்ப கேட்டியே ஒரு அலறல், அது யாரு குரல் தெரியுமா?"

"பெரியத்தை குரல். நூறு தடவை சொல்லிட்டீங்கப்பா" என்றாள் மகள்.

"பழைய டேப்புல அத்தை பேசின இடமெல்லாம் பூஞ்சை புடிச்சுப் போச்சாம். அக்காவையே மறுபடி கூப்பிட்டிருக்காங்க! இத்தனை வருஷம் கழிச்சு!" அக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளை கீழே விழுந்தது.

பிறகு, நான் பயந்துகொண்டிருந்தது நடந்தது. அண்ணன் அந்தப் பழைய கதையை ஆரம்பித்தான். எங்கள் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷமானாலும், நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அவன் அதைச் சொல்லாமல் விட மாட்டான்.

"இந்தப் படம் வந்த அடுத்த வருஷம், ஒருத்தன் உங்க அத்தைகிட்ட வாலாட்டினான்."

[வாலாட்டினான். இந்தச் சொல்லை இங்கே அப்படியே விடுகிறேன், நீங்களும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நாய் அன்பு இருந்தால்தான் வாலாட்டும்.]

"விடுவேனா? நானும் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் மூஞ்சி பூரா சாம்பலைப் பூசிட்டுப் போனோம். ஸ்டுடியோ வாசல்லயே மடக்கினோம். இரும்புக் குழாய். ஒரே அடி. தாடை எலும்பு போச்சு. வசனம் வேற சொன்னேன்ல! ‘என் வலிக்கு உன் பேரு வெச்சிருக்கேன்.’ அவன் கண்ணைப் பாக்கணுமே!"

வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், யாராவது ஒருவர் "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்பார். அன்று மகள் சிரிக்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினாள்.

"பெரியத்தை, நீங்க அந்த ஆள் மேல கம்ப்ளைன்ட் குடுத்திருந்தீங்கன்னு அம்மா ஒரு தடவை சொன்னாங்க. அது என்னாச்சு?"

நிறுத்தி வைத்த திரையில் ஈயமுகனின் முகம் மட்டும் பெரிதாக நின்றது.

"அதான் தாடையையே பேத்தாச்சே, அப்புறம் என்ன கம்ப்ளைன்ட்?" என்று அண்ணன் சிரித்தான்.

அக்கா கீழே விழுந்த சுளையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "அது நடக்கலம்மா" என்றாள். பிறகு, "படத்தைப் போடுடா. நேரமாகுது."

3.

இனி என் அவஸ்தையைக் கேளுங்கள். எழுத உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது, கதை இருக்கிறது, தொடக்கம் இல்லை.

‘அன்று மாலை மழை பெய்து—’

இல்லை. மழையெல்லாம் பெய்யவில்லை. கோபத்துக்கு மழை எதற்கு?

‘மனித மனத்தில் பழிவாங்கும் உணர்ச்சி என்பது ஆதிகாலம் தொட்டே—’

சீ. பள்ளிக்கூடக் கட்டுரை.

‘சாம்பல் பூசிய முகங்களோடு மூன்று இளைஞர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தின் எதிரே நின்றிருந்தார்கள். தெருவிளக்கு அப்போதுதான் எரிந்தது. நடுவில் நின்றவன் கையிலிருந்த இரும்புக் குழாயில் அந்த மஞ்சள் வெளிச்சம் வழுக்கி இறங்கியது. அவன் இன்னும் இருபதைக்கூட—’

இது ஓடியது. கை தானாக எழுதிக்கொண்டு போனது. இரண்டு பக்கம் ஒரே மூச்சில். பிறகு ஒரு பக்கம். அதில் அக்கா வந்தாள்.

மறுநாள் அக்கா என் வீட்டுக்கு வந்திருந்தபோது அதைக் கொடுத்தேன். அவள் எதையும் மனத்துக்குள் படிக்க மாட்டாள். தொழில் பழக்கம், வாய்விட்டுத்தான் வரும். சமையலறை மேசையில் உட்கார்ந்து, டீயை ஒதுக்கி வைத்துவிட்டு, படித்தாள். "இரும்புக் குழாயில் அந்த மஞ்சள் வெளிச்சம்" என்ற இடத்தில் அவள் குரல் தாழ்ந்து, நிறுத்தி, ஏறியது. எனக்கே புல்லரித்தது. அவளும் அதைக் கவனித்துவிட்டாள். தாளைக் கீழே வைத்தாள்.

"நல்லா இருக்கு. ஹீரோ யாரு?"

"ஹீரோ இல்லக்கா. இது அவனைத் திட்டற கதை."

"திட்டற மாதிரி தெரியலையே. லைட்டிங்கெல்லாம் போட்டிருக்க."

தாளை மறுபடி கையில் எடுத்துப் புரட்டினாள்.

"நான் எங்கடி இருக்கேன்?"

"மூணாம் பக்கத்துல வர்ற."

"வந்து என்ன பண்றேன்?"

தெரிந்துகொண்டே கேட்கிறாள். தாள் அவள் கையில்தான் இருக்கிறது. "அழற" என்றேன்.

"நான் அழலடி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிழை திருத்துகிற மாதிரி சொன்னாள். "இவன் குழாயைத் தூக்கிட்டு அங்க நின்ன அதே நேரத்துல நான் வீட்டுல என்ன பண்ணிட்டிருந்தேன்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. இவனுக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்ல. பாடம் பண்ணிட்டிருந்தேன்."

"என்ன பாடம்?"

"அடுத்த நாள் விசாரணை. அங்க பேசறதுக்கு."

4.

அந்த மூன்று பக்கங்களைக் கிழித்துவிட்டேன். [பொய். இரண்டாம் பகுதியில் அண்ணன் வாயால் அதையே நீங்கள் கேட்டுவிட்டீர்கள். எழுத்தாளர்கள் எதையும் முழுசாகக் கிழிப்பதில்லை.] கதை இங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்:

அக்காவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. குரல் கொடுக்கும் அறை என்பது ஓர் ஆள் கைகளை விரித்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம் என்கிற அளவு. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. எதிரே திரை. பக்கத்தில் சின்னக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். காதில் ஹெட்போன். திரையில் ஒரு காட்சித் துண்டு மறுபடி மறுபடி ஓடும். உதடு அசையும் நேரத்துக்குள் நம் வசனத்தைப் பொருத்த வேண்டும். அக்கா இதில் கெட்டிக்காரி. மூன்றாவது ஓட்டத்துக்குள் பொருத்திவிடுவாள்.

அங்கே குரல்களுக்குப் பொறுப்பாக ஒருவர் இருந்தார். ‘மைக் சார்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "மைக்கை முழுங்காதீங்க, மைக்கை முழுங்காதீங்க" என்று, ரொம்பக் கிட்டே நின்று பேசுகிறவர்களிடம் சதா சொல்லிக்கொண்டிருப்பதால் வந்த பெயர். அவருக்குக் காது அபாரம் என்று அக்கா இப்போதும் சொல்கிறாள். தொழிலைக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ‘அவன்’ என்று நான் எழுதினாலும் அவள் ‘அவர்’ என்றே சொல்கிறாள். இந்த மரியாதை எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் வாய், அவள் இஷ்டம்; இங்கே நானும் ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.

மதிய இடைவேளை. ஒலிப்பதிவாளர் சாப்பிடப் போயிருந்தார். மைக்கின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று மைக் சார் அறைக்குள் வந்தார். கதவை இழுத்துச் சாத்தினார்.

சத்தம் வெளியே போகக் கூடாது என்றே கட்டிய அறை அது.

அங்கே நடந்ததை அக்கா என்னிடம் நாலு வாக்கியத்தில் சொன்னாள். அந்த நாலையும் நான் எழுதப் போவதில்லை. ஐந்தாவதாகச் சொன்னதை மட்டும் எழுதலாம் என்றாள்: "அந்தப் படத்துக்கு எப்படி அலறினேன், ஞாபகமிருக்கா? அன்னிக்கு வாயைத் திறந்தா வெறும் காத்துதான்டி வந்துச்சு."

மைக் தாங்கியின் அடித்தட்டு இரும்பு. அதைத் தூக்கி அவர் கால்மேல் போட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள்.

அடுத்த வாரம் குரல் கலைஞர்கள் சங்கத்தில் புகார் கொடுத்தாள். யாரும் அவளைத் தூண்டவில்லை, யாரும் துணைக்குப் போகவில்லை. அவள் புகார் கொடுத்தது தெரிந்ததும் இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் குழந்தைகளுக்குக் குரல் கொடுப்பவர், ஐம்பது வயது. இன்னொருவர் மாமியார்களுக்குக் குரல் கொடுப்பவர், முப்பதுகூட ஆகாதவர். "எங்களுக்கும் நடந்துச்சு, நாங்களும் வந்து சொல்றோம்" என்றார்கள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

அக்கா தயாரானாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில், சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு விடுவது, யார் முகத்தைப் பார்ப்பது. ‘அப்போது’ என்று வருகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் குரல் உடைந்தது. அந்தச் சொல்லையே வெட்டி எறிந்தாள். ‘அப்போது’ இல்லாமலே அந்த இடம் இன்னும் நன்றாக நின்றதாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு கலைஞரின் திருப்தி இருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி அழுதாள். அண்ணன் அடுப்பங்கரைக்குப் போய்ச் சாம்பலை எடுத்தான்.

மீதியை அவன் சொல்லிவிட்டான். அவன் சொல்லாததை நான் சொல்கிறேன். மறுநாள் விசாரணை நடக்கவில்லை. விசாரிக்கப்பட வேண்டியவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். முகமெல்லாம் கட்டோடு படுத்திருக்கும் அவர் படம் பேப்பரில் வந்தது. படத்தைப் பார்த்துக் கெட்டுப்போன இளைஞர்கள், தாக்கப்பட்ட மூத்த கலைஞர். அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு பெண்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். அடிதடிப் பக்கம் நிற்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்? அண்ணன் மேல் கொலை முயற்சி வழக்கு. பிறகு பெரிய மனிதர்கள் நாலு பேர் வந்து பேசினார்கள். அவர் வழக்கை வாபஸ் வாங்குவார், இவள் புகாரை வாபஸ் வாங்க வேண்டும்.

அப்பா அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அவன் வாழ்க்கைம்மா."

"என்னோடதுப்பா?"

"உனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

அக்கா கையெழுத்துப் போட்டாள்.

அண்ணன் வீட்டுக்கு வந்த அன்று தெருவே கூடி நின்று கைதட்டியது. அக்காவை அதற்குப் பிறகு எந்தக் கூடத்திலும் கூப்பிடவில்லை. "அவளைக் கூப்பிட்டா தம்பி குழாயோட வருவான்" என்று சிரித்தார்களாம். அவள் வேறு வேலை தேடிக்கொண்டாள். நீங்கள் வங்கிக்குத் தொலைபேசி செய்து பாட்டுக் கேட்டுக் கொண்டிருக்கும்போது நடுவில் "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது" என்று ஒரு பெண் சொல்வாளே, அவள்தான் என் அக்கா. அவள் அழைப்பை யாரும் எடுக்கவில்லை.

[மைக் சார் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில் இருந்தார். விடைகொடுக்கும்போது கேடயம் கொடுத்தார்கள். அதில் ‘பெண் குரல்களை வளர்த்தெடுத்தவர்’ என்று பொறித்திருந்தது. இதை நான் கற்பனை செய்திருந்தால் மிகை என்று நானே வெட்டியிருப்பேன்.]

5.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு அந்தப் படத்தோடு ஒரு சண்டை போட்டுக்கொள்கிறேன். போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன், தனியாக. மனைவி சிரிக்கிறாள். "சாப்பிட வாங்க, ஆறிடப் போகுது" என்கிறாள். அவன் தலைமுடியில் ஒட்டிய கரித்தூளைத் தட்டிவிடுகிறாள். சாகிறாள். அவ்வளவுதான் அவள் வேலை. அவளுக்குப் பிடித்தது எது, அவளுக்கு யாரிடம் கோபம், அவள் காலையில் எழுந்ததும் என்ன நினைப்பாள், எதுவும் கிடையாது. அவள் செத்தால்தான் படம் ஆரம்பிக்கும். அதனால் சீக்கிரம் சாகடிக்க வேண்டியிருக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. அவளைக் கொல்லும் நேரத்தில் கேமரா அவளை விட்டுத் திரும்பிவிடுகிறது. கட்டிப் போட்டிருக்கும் கணவனின் முகத்தைத்தான் காட்டுகிறார்கள். சாகிறவள் அவள், வலி அவனுக்கு. ‘என் வலி’ என்று பின்னால் அவன் வசனம் பேச வேண்டுமல்லவா, அதற்கு இங்கேயே பத்திரம் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அவன் ஒவ்வொருவனையும் அடிக்கக் கை ஓங்கும்போதும் அந்த அலறலை மறுபடி போடுகிறார்கள். ஒரே அலறல்தான், ஒரு தடவை பதிவு செய்தது. ஒவ்வொரு கொலைக்கும் அவளை எழுப்பி இன்னொரு தடவை சாகடிக்கிறார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகப் பார்த்த பிறகும், புகைக்குள்ளிருந்து அந்த ஈய முகம் வெளியே வரும் காட்சியில் என் கைமயிர் குத்திட்டு நின்றது. நன்றாக எடுத்திருக்கிறார்கள், பாவிகள். என் மூளை கட்சி மாறிவிட்டது; உடம்பு இன்னும் மாறவில்லை. இந்தக் கோபத்தில் பாதி அதற்காகத்தான்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அண்ணனை நான் சரியாக எழுதுகிறேனா? அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரி நடைபாதையில் துண்டை விரித்துப் படுத்திருந்தவன் அவன். வீட்டுக்குப் போகச் சொன்னால் நர்ஸிடம் சண்டைக்குப் போனான். அக்காவுக்காக உயிரைக் கொடுப்பான். உயிரைக் கேட்டால் உடனே கொடுப்பவனுக்கு, "உனக்கு என்னக்கா வேணும்?" என்று ஒரு கேள்வி கேட்க மட்டும் இத்தனை வருஷம் வாய் வரவில்லை. இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் கதை இன்னும் கூராக இருக்கும். எடுக்க மாட்டேன். அவன் என் அண்ணன்.

6.

அக்கா குரல் பதிவுக்குப் போனாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். அண்ணன் வருகிறேன் என்றான். "வேண்டாம்டா, அங்க இடம் கிடையாது" என்றாள்.

இது வேறு கூடம், புதுக் கட்டடம். ஒலிப்பதிவாளராக ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும், சூயிங் கம் மென்றுகொண்டிருந்தாள்; விரல்கள் பொத்தான்கள் மேல் பியானோ வாசிப்பதுபோல் ஓடின. நான் அவளுக்குப் பின்னால் நாற்காலியில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா. கதவைச் சாத்தப் போன உதவியாளரைக் கையைக் காட்டி நிறுத்தி, தானே சாத்திக்கொண்டாள்.

"சாப்பிட வாங்க, ஆறிடப் போகுது."

எனக்கு முதுகு நிமிர்ந்தது. ஐம்பதை நெருங்குகிறவளின் தொண்டையிலிருந்து இருபத்திரண்டு வயதுக் குரல். உதடு பிசகவில்லை. "செம மேடம்!" என்றாள் ஒலிப்பதிவாளர். சிரிப்பு, அடுத்த வசனம், அதற்கடுத்தது. எல்லாம் இரண்டு, மூன்று ஓட்டங்களில் முடிந்தன.

அலறல் வந்தது. திரையில் கும்பல் நெருங்குகிறது, அவள் வாயைத் திறக்கிறாள், கேமரா கணவன் பக்கம் திரும்புகிறது. அக்கா பேசாமல் நின்றாள். துண்டு மறுபடி ஓடியது. மறுபடியும் பேசாமல் நின்றாள்.

"மேடம், கியூ மிஸ் ஆகுது."

"மிஸ் ஆகலம்மா. நான் அலறல."

"அலறல் இருக்கே மேடம் சீன்ல."

"எங்க இருக்கு, காட்டு. அவ வாயைத் திறக்கறா. உடனே கேமரா அந்தப் பக்கம் போயிடுது. உதடே தெரியல. அலறினாளோ, வேற ஏதாவது சொன்னாளோ, யாரு பாத்தா? அன்னிக்கு என்னை அலறச் சொன்னாங்க, அலறினேன்."

ஒலிப்பதிவாளர் மெல்லுவதை நிறுத்தினாள். துண்டை ஒரு தடவை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். "ஆமா, உதடு இல்ல" என்றாள். பிறகு, "ஆனா ஒண்ணு மேடம். பின்னாடி அவர் அடிக்கப் போற சீன்ல எல்லாம் இதே துண்டுதான் போகும். இங்க நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் எல்லா இடத்துலயும் கேக்கும்."

"தெரியும். அதான்."

நான் எதையாவது சொல்லலாமா என்று பார்த்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

துண்டு ஓடியது. கும்பல் நெருங்கியது. வாய் திறந்தது. அக்கா மைக்கை விட்டுக் கொஞ்சம் விலகி நின்று, கத்தாமல், அழாமல், எதிரே நிற்பவனின் கண்ணைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னாள்:

"கையை எடுடா."

ஒலிப்பதிவாளர் துண்டை இன்னொரு தடவை ஓட்டிக் கேட்டாள். பிறகு பொத்தானை அழுத்தி, "ஓகே மேடம்" என்றாள். குரல் மாறியிருந்தது. "மேல இருக்கறவங்க கேட்டுட்டு மாத்தச் சொன்னாங்கன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"கேக்கட்டும்" என்றாள் அக்கா.

கேட்கவில்லை. சண்டைச் சத்தம், ஈயமுகனின் மூச்சு, பின்னணி இசை எல்லாவற்றையும் நாலு தடவை சரிபார்த்தார்களாம். மனைவியின் ஒலித்தடத்தை மட்டும் யாரும் போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை.

7.

படம் வெளியான வாரம் பகல் காட்சிக்கு அண்ணன் எல்லோருக்கும் சீட்டு எடுத்திருந்தான். அண்ணன், அவன் மகள், அக்கா, நான் என்று ஒரே வரிசை. அரங்கம் நிறைய எங்கள் வயதுக்காரர்கள், வயிறு முன்னால் தள்ளிய பழைய ஈயமுகன்கள்.

மனைவி வந்தாள். அண்ணன் அக்காவின் கையைத் தட்டினான். கும்பல் வந்தது. வாய் திறந்தது.

"கையை எடுடா."

அரங்கத்தில் ஒரு குழப்பமான முணுமுணுப்பு. "டேய், சவுண்டு மாத்திட்டாங்கடா" என்று பின்னாலிருந்து ஒருவன். அண்ணன் அக்காவைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈயமுகன் முதல் ஆளை மடக்கினான். வசனம் பேசினான். குழாயை ஓங்கினான். அவன் நினைவுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது: "கையை எடுடா." யாரோ சிரித்தார்கள். இரண்டாவது ஆள். ஓங்கிய குழாய். "கையை எடுடா." சிரிப்பு நின்றது. மூன்றாவது ஆளின்போது யாரும் விசில் அடிக்கவில்லை. அவள் கொலைகாரனிடம்தான் சொல்கிறாள். ஆனால் அந்த நேரத்தில் திரையில் கை ஓங்கியிருப்பவன் அவள் புருஷன். சிறுவயதிலிருந்து பார்த்த அந்தக் காட்சியில், முதல் தடவையாக, அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

இடைவேளை. விளக்குகள் எரிந்தன.

"ஏன்க்கா மாத்தின?" என்றான் அண்ணன். குரலில் கோபமில்லை, ஏதோ தொலைந்துபோன மாதிரி இருந்தது. "அந்த அலறல்தான்க்கா படமே."

"உனக்கு அதுதான்டா படம்." அக்கா அவனை நேராகப் பார்த்தாள். "நீ அவரை அடிச்சதுக்கு அடுத்த நாள் எனக்கு விசாரணை. பேசறதுக்கு எல்லாம் பாடம் பண்ணி வெச்சிருந்தேன். இன்னும் ரெண்டு பேர் என்கூட வந்து பேச இருந்தாங்க. நீ போய் அடிச்ச. நான் கையெழுத்துப் போட்டு உன்னை வெளிய கொண்டுவந்தேன். அதுக்கப்புறம் நீ அந்தக் கதையை எல்லார்கிட்டயும் சொல்லிட்ட. நான் பாடம் பண்ணினதை இன்னும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ. அண்ணன் அழுதான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, மக்காச்சோளப் பொரி மடியிலிருந்து சிதற—

ஆ. அண்ணன் எழுந்து நின்று கத்தினான். "உனக்காக ஜெயிலுக்குப் போனேன், நீ என்னையே—"

இ. அண்ணன் எதுவும் பேசாமல் வெளியே போனான். அவன் போன பிறகு இருக்கை மட்டும் தானாக மடங்கி—

இதில் ஒன்று நடந்தது. எது என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கு அதுதான் வேண்டும் என்று தெரியும். எனக்கும் அதை எழுதத்தான் கை துறுதுறுக்கிறது, நல்ல காட்சி. எழுதினால், அவள் பேசி முடித்த மறுநொடியே நாம் எல்லோரும் அவளை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்க்கத் திரும்பிவிடுவோம். மாட்டேன். இந்த ஒரு தடவை மாட்டேன்.

அக்கா என்ன செய்தாள் என்று மட்டும் சொல்கிறேன். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அண்ணன் மகள் அவளுக்கு முன்பே எழுந்து நின்றிருந்தாள்.

"பெரியத்தை, அன்னிக்கு என்ன பேசறதா இருந்தீங்க? எனக்குச் சொல்றீங்களா?"

"நீளமா இருக்குமே."

"இருக்கட்டும்."

இருவரும் வெளியே போனார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன். அரங்கத்தின் பக்கவாட்டில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், வெயிலில் நின்றார்கள். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். தோளை நேராக்கிக்கொண்டாள். பேச ஆரம்பித்தாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள், மூச்சு விட்டாள், தொடர்ந்தாள். பக்கத்தில் யாரோ வண்டியைக் கிளப்பிய சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கிட்டே போயிருக்கலாம். போகவில்லை. போயிருந்தால் எழுதியிருப்பேன்.

அதனால் இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. வேண்டுமென்றால் நீங்களே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். மைக் சார் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், அந்த இரண்டு பெண்களும் இருக்கிறார்கள், அக்காவின் குரலும் நன்றாகத்தான் இருக்கிறது. எப்படி வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஒரே ஒரு நிபந்தனை. அதில் யாரும் அவளுக்காகப் போய் யாரையும் அடிக்கக் கூடாது.